பசுவின் காம்புக்குக் கம்ப்யூட்டர் கணக்கு!

கன்றுக்குட்டி பால் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஓயாமல் உறிஞ்சுவதில்லை. உறிஞ்சும், நிறுத்தி விழுங்கும், மறுபடியும் உறிஞ்சும். அந்த இடைவெளியில் காம்புக்கு ஓய்வு கிடைக்கிறது.

பால் கறக்கும் எந்திரமும் இப்படித்தான் வேலை செய்யவேண்டும். நியூசிலாந்து, ஹாலந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் பெரிய பண்ணைகளில் கையால் கறப்பது கிடையாது. எல்லாம் எந்திரம்தான்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு மாட்டுக்கு 4 கிண்ணங்கள், காம்புக்கு ஒன்று. கிண்ணத்தின் வெளிப்புறம் உலோகம். உள்ளே ரப்பர் உறை. உறைக்குள் இருக்கும் காற்றை எந்திரம் இழுத்துக்கொண்டே இருக்கும். உறைக்கும் உலோகத்துக்கும் நடுவில் மட்டும் காற்றை விட்டு விட்டு இழுக்கும். இழுத்தால் உறை விரியும், பால் பாயும். காற்றை விட்டால் உறை ஒடுங்கிக் காம்பைப் பிடித்துவிடும். நிமிடத்துக்குச் சுமார் 60 தடவை இப்படி நடக்கிறது.

ஆபத்து எங்கே?

உறை சரியாக அமுக்காவிட்டால், காம்பில் ரத்தம் தேங்கி வீங்கும். அளவுக்கு மீறி அமுக்கினால், காம்பின் நுனியில் தோல் தடித்துவிடும். அந்த வழியே கிருமி புகுந்தால் மடி நோய்! பால் குறையும். மருந்து கொடுத்த மாட்டின் பாலைச் சில நாட்கள் விற்கவும் முடியாது.

கம்ப்யூட்டர் செய்யும் வேலை

உறை என்ன செய்கிறது என்பதை வெளியில் இருந்து பார்க்க முடியாது, உலோகம் மறைக்கிறது. அதனால் விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரை நாடினார்கள்.

உறையின் உருவத்தைக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ரப்பர் எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும் என்ற விவரத்தையும் கொடுக்கிறார்கள். ஒரு துண்டு அடுத்த துண்டை எப்படி இழுக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. காம்பின் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழும் என்று சொல்லிவிடுகிறது.

உறை வட்டமாக இருப்பது நல்லதா, முக்கோணமாக இருப்பது நல்லதா? தடிமன் எவ்வளவு வேண்டும்? அச்சு செய்து வார்ப்பதற்கு முன்பே இதைச் சோதிக்கலாம். செலவு மிச்சம். தவறான உறையால் மாடு படும் வேதனையும் குறையும்.

அது மட்டும் போதுமா?

போதாது. மாட்டுக்கு மாடு காம்பின் அளவு வேறு. ரப்பரும் நாளாக ஆகத் தளர்ந்துவிடும். புது உறைக்குப் போட்ட கணக்கு பழைய உறைக்குப் பொருந்தாது.

சாதாரண ரப்பர் உறையைச் சுமார் 2,500 கறவைக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது பொது விதி. ஒரு பண்ணையில் 100 மாடுகள், 10 செட் கிண்ணங்கள், தினம் 2 வேளைக் கறவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு செட் தினம் 20 மாடுகளைக் கறக்கும். 125 நாளில் உறையின் ஆயுள் முடிந்துவிடும். "கிழியவில்லையே, இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்று விட்டால், மிச்சம் பிடிக்கும் காசு உறைக்கு, நஷ்டம் மடிக்கு!

கம்ப்யூட்டர் கணக்குப் போடட்டும். ஆனால் பசு வாயில்லாப் பிராணி. கறந்து முடித்ததும் காம்பு சிவந்திருக்கிறதா, தடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டியவன் மனிதன்தான்.