லண்டன் - பாரிஸ்: ஒன்றேகால் மணி நேரம் என்னும் பொய்!

லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 344 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு இது அரை மணி நேர வேலைகூட இல்லை. ஆனால் விமான அட்டவணையில் ஒன்றேகால் மணிக்குக் குறையாமல்தான் போட்டிருக்கும். மீதி நேரம் எங்கே போகிறது? ஓடுபாதை வரை ஊர்ந்து போவதிலும், மேலே ஏறுவதிலும், இறங்க முறை வரும்வரை காத்திருப்பதிலும்!

போகட்டும், அந்த ஒன்றேகால் மணியாவது உண்மையா? அதுவும் இல்லை.

ஹீத்ரோ விமான நிலையம் லண்டன் நடுவிலிருந்து 23 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாதாள ரயிலில் ஒரு மணி நேரம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். விமானத்தில் 1 மணி 20 நிமிடம். சார்ல் து கோல் நிலையத்தில் பாஸ்போர்ட் வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு என முக்கால் மணி. ஊருக்குள் போக ரயிலில் இன்னொரு 35 நிமிடம். கூட்டிப் பார்த்தால் 5 மணி 40 நிமிடம்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

1994-ல் திறந்த கால்வாய்ச் சுரங்கம் வழியாக ஓடும் யூரோஸ்டார் ரயிலின் கணக்கு வேறு. செயின்ட் பாங்க்ரஸ் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. போய்ச் சேர அரை மணி, முன்கூட்டிக் காத்திருக்க ஒன்றேகால் மணி, பயணம் சுமார் 2 மணி 20 நிமிடம். மொத்தம் நான்கு மணி சொச்சம். இரு நாட்டுப் பாஸ்போர்ட் சோதனையும் லண்டனிலேயே முடிந்துவிடுவதால் பாரிசில் இறங்கியதும் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

பிறகு ஏன் இன்னும் விமானம்? டிக்கெட் மலிவு என்பார்கள். அந்த மலிவு எப்படி வருகிறது? 1944 சிகாகோ உடன்படிக்கையில் தொடங்கிய வழக்கப்படி வெளிநாட்டு விமானங்களின் எரிபொருளுக்குப் பொதுவாக வரி கிடையாது. லண்டனில் ஏறும் பயணிக்குத் தனி வரி உண்டு, உண்மைதான். ஆனால் எரிக்கும் எண்ணெய்க்கு இல்லை. ரயிலோ சுரங்கத்துக்குச் சுங்கம் கட்டிவிட்டு ஓடுகிறது. கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவை எழுதாமல் விட்டால் லாபம் போலத்தான் தெரியும். புகையின் செலவை ஊரார் தலையில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவே.

இரண்டரை மணிக்குள் ரயிலில் போக முடிந்தால் விமானம் வேண்டாம் என்று 2023-ல் பிரான்ஸ் தடை போட்டது. பாரிசின் ஓர்லி நிலையத்திலிருந்து நாந்த், லியோன், போர்தோ போகும் விமானங்கள் நின்றன. லண்டன் ரயிலும் அதே இரண்டரை மணிக்குள்தான் வருகிறது. ஆனால் அது உள்நாட்டுச் சட்டம். எல்லை தாண்டினால் செல்லாது. கரியமில வாயுவுக்கு மட்டும் எல்லை உண்டா என்ன?

நீண்ட தூரம் போகிறவர்கள் ஹீத்ரோவில் விமானம் மாறுகிறார்கள், அவர்களுக்கு இது வேண்டும் என்பது நியாயமான வாதம். அவர்களுக்காக இருக்கட்டும். ஊருக்கு ஊர் போகிறவர்களுக்கு எதற்கு?

தடை போட மனம் இல்லாவிட்டால், எண்ணெய்க்கு வரியாவது போடட்டும். டிக்கெட்டில் வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் நேரத்தையும் அச்சிடட்டும். அதன்பிறகு எத்தனை பேர் ஹீத்ரோவுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்று பார்க்கலாம்!