மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி

இதய வால்வில் கிருமி குடியேறி அதை அரித்துவிடும் எண்டோகார்டைட்டிஸ் நோய், பணக்கார நாடுகளில் பெரும்பாலும் முதியோரையும் செயற்கை வால்வு பொருத்தியவர்களையும் பிடிக்கிறது. இந்தியா போன்ற நாடுகளிலோ உழைக்கும் வயதினர் பலரைச் சாய்க்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப்புண்ணைக் கவனியாது விட்டால், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகள் சிலருக்கு மூட்டு வீங்கும் ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. வீக்கம் வடிந்தாலும் அக்காய்ச்சலால் இதய வால்வில் தங்கிவிடும் வடு, பின்னாளில் சொத்தைப் பல் வழியாக ரத்தத்தில் கலக்கும் கிருமிக்கு இடங்கொடுக்கிறது.

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு செய்கிறவர் பலருக்கு எண்ணிக்கைக்கேற்பவே கூலி என்பதால், தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் மருத்துவமனைக்குப் போகும் நாள் கூலியற்ற நாளாகிறது. காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் நாலு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால், அந்த மாத்திரையில் ஆன்டிபயாடிக் இருந்துவிட்டால், எந்தக் கிருமி என்று காட்ட வேண்டிய ரத்தக் கல்ச்சர் சோதனையில் பல வேளைகளில் ஒன்றும் வளர்வதில்லை. 4 முதல் 6 வாரம் ரத்த நாளம் வழியே ஏற்ற வேண்டிய மருந்தை மருத்துவர் ஊகித்தே தேர்ந்தெடுக்க நேர்கிறது.

வால்வு அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் உருவாக்கி 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட உள்நாட்டு வால்வும் இருக்கிறது. எனினும், உலோக வால்வு பொருத்தியவர் ஆயுள் முழுதும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்ண வேண்டும். அந்த வால்விலும் கிருமி ஏறலாம். பல லட்சம் ரூபாய்ச் சிகிச்சைக்கு வழிசெய்யும் அரசு, ருமாட்டிக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு அது மீண்டும் வராதிருக்க மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பல்லாண்டுகள் போட வேண்டிய, விலை மலிந்த பென்சாதின் பென்சிலின் ஊசி தவறாமல் போய்ச்சேர்கிறதா என்று பார்ப்பதே முதற்கடமை. ஒவ்வாமைக்கு அஞ்சி ஊசியையே தவிர்ப்பது, அரிதான ஆபத்துக்காக உறுதியான பயனைக் கைவிடுவதாகும். ஒவ்வாமை கண்டால் கொடுக்க அட்ரினலினைக் கைவசம் வைத்துக்கொண்டு போடலாம்.

2013இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டம் பள்ளிகளில் தேடிக் கண்டறிய வேண்டிய நோய்களுள் ருமாட்டிக் இதய நோயும் ஒன்று. இதற்கெதிராக நாடுகள் செயல்பட வேண்டுமென உலக சுகாதாரப் பேரவை 2018இல் தீர்மானமும் நிறைவேற்றியது. 2021 முதல் ரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகளை வீடு தேடிக் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு, இந்தப் பிள்ளைகளின் ஊசி நாளை நினைவூட்டுவது பெருஞ்சுமையாகாது. 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இப்பிள்ளைகளுக்கான மாவட்டப் பதிவேட்டை ஏற்று நடத்த வேண்டும். வேலை முடிந்த மாலை வேளையிலும் ஞாயிறன்றும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஊசி போட வேண்டும். தவணை தவறிய பிள்ளையின் வீட்டுக்குச் செவிலியர் அந்த வாரமே செல்ல மாவட்ட நிர்வாகம் ஆணையிட வேண்டும்.