173-க்கு ஆள் தேவை

2025 நவம்பர் 5-ந் தேதி அறிவித்தார்கள்: கமல்ஹாசன் தயாரிக்க, ரஜினிகாந்த் நடிக்க, சுந்தர் சி இயக்கும் படம். 13-ந் தேதி சுந்தர் சி விலகிக்கொண்டார். நாயகனுக்குக் கதை பிடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்போம் என்கிற தொனியில் தயாரிப்பாளர் பதில் சொன்னார். 2026 ஜனவரியில் சிபி சக்கரவர்த்தியின் பெயர் வந்தது. இடைப்பட்ட வாரங்களில் கான்சாபுரம் டீக்கடையிலும் நம் இலக்கிய நண்பர்களிடையேயும் ஒரே கேள்விதான்: யார் டைரக்டர்?

டீக்கடையில் கேட்பவர் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கிறவர். அவர் கேட்கலாம். என் சண்டை நம்மவர்களோடு.

அறிவித்தபோது படத்துக்குப் பெயர் கிடையாது. 173 என்ற எண்தான். எண் நடிகரைக் கணக்கிடுகிறது. பாங்கில் லெட்ஜர் பார்க்கிறவனுக்கு இது உடனே விளங்கும். கணக்கு ஒருவர் பெயரில் இருக்கிறது. கவுண்டரில் இன்று நான், மாற்றலாகிப் போனால் இன்னொருவன். அமெரிக்காவிலும் 2014-ல் எட்கர் ரைட் 'ஆன்ட்-மேன்' படத்திலிருந்து விலக, பெய்டன் ரீட் வந்தார். 2015-ல் படமும் வந்துவிட்டது. ஆனால் அங்கே உடைதான் நாயகன். பேட்மேன் உடையைப் பல நடிகர்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டாயிற்று. இங்கே நடிகரே உடை. மாற்றக்கூடிய ஆள் டைரக்டர் மட்டும்தான். இதை அழகியல் பிரச்னையாகப் பேசுவது அபத்தம். இது ஆள் எடுக்கும் விஷயம்.

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1978-ல் 'முள்ளும் மலரும்' எடுத்தபோது, தயாரிப்பாளர் தயங்கியும் ரஜினிகாந்த்தான் வேண்டுமென்று பிடிவாதமாக நின்றவர் மகேந்திரன். டைரக்டர் நடிகரைத் தேர்ந்தெடுத்தார். கடைசிக் கட்டத்தில் தயாரிப்பாளர் கையை விரித்தபோது உதவிக்கு வந்தவர் கமல்ஹாசன் என்று மகேந்திரனே பதிவு செய்திருக்கிறார். அதே இரண்டு நடிகர்கள்தான் இன்றும். தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் கை மாறிவிட்டது.

நண்பர்கள் 'கபாலி'யையும் (2016) 'காலா'வையும் (2018) எடுத்துக் காட்டுவார்கள். நியாயமான ஆட்சேபணை. தாராவி நிலத்தின் மேல் அங்கே வாழ்கிறவர்களின் உரிமை அந்தப் பெரிய திரையில் பேசப்பட்டது சிறிய காரியமல்ல; ரஞ்சித்தைத் தவிர வேறொருவர் அதைச் செய்திருக்க மாட்டார். ஆனால் அதிலிருந்து நாம் பெற்ற பாடம் தவறு. நம்ம ஆள் உள்ளே போனால் போதும் என்று நம்பினோம். 2021-ல் 'ஜெய் பீம்' எடுத்த ஞானவேல் 2024-ல் 'வேட்டையன்' எடுத்தார். போலீஸ் சித்திரவதையைக் காட்டியவர் என்கவுன்ட்டர் போலீஸ்காரரை நாயகனாக்க வேண்டியிருந்தது. படம் என்கவுன்ட்டரைக் கண்டிக்கத்தான் செய்கிறது. ஆனால் கண்டிக்குமுன் அந்தத் துப்பாக்கிக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்துவிடுகிறது. டைரக்டரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. நாயகனின் வருகைக்கென்று ஒதுக்கிய நிமிஷங்களில் அது செல்லுபடியாகவில்லை, அவ்வளவுதான்.

கான்சாபுரத்தில் இருந்துகொண்டு இன்னொன்றைச் சொல்லாமலிருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் கான்சா என்றால் கான் சாகிபு. 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப்கான் நினைவுக்கு வருவான். அவன் கதையை 'மருதநாயகம்' என்று எடுக்க கமல்ஹாசன் 1997-ல் ஆரம்பித்தார். எலிசபெத் ராணி துவக்க விழாவுக்கு வந்தார். பணம் கிடைக்காமல் படம் நின்றது. அதே 1997-ல் சுந்தர் சி இயக்கிய 'அருணாசலம்' வெளியாயிற்று. ஒரு கலைஞன் தானே விரும்பித் தொடங்கிய படத்துக்கு இத்தனை வருஷமாகப் பணமில்லை. நாயகன் ஒப்பும் கதை கையில் இல்லாமலேயே 173-ஐ அறிவிக்க முடிகிறது. அறிவித்தவரும் அவரேதான். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவரும் இந்த ஏற்பாட்டுக்குள் அகப்பட்டவர்தான்.

ஆகவே, யார் டைரக்டர் என்ற கேள்வியை விமர்சகர்கள் தயாரிப்பு அலுவலகத்துக்கே விட்டுவிடலாம். வராத படத்துக்கு நாம் செலவழித்த வாரங்களில், வந்து ஒரே வாரத்தில் தூக்கப்பட்ட சின்னப் படங்களைப் பற்றி நம்மில் எத்தனை பேர் ஒரு பக்கமாவது எழுதினோம்? நானும் எழுதவில்லை. என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் எழுதட்டும்.