ஊருக்கு விமானம்: மிச்சமாகும் நேரம் எவ்வளவு?

பெங்களூர்–சேலம் விமானப் போக்குவரத்து 2023 அக்டோபரில் தொடங்கியபோது, இங்குள்ள சேலம், தருமபுரிக்காரர்கள் மகிழ்ந்தனர். "இனி ஊருக்கு ஒரு மணி நேரம்தான்" என்று பேசிக் கொண்டார்கள். கணக்கு அப்படித்தானா?

இரு விமான நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 160 கிலோ மீட்டர். பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி. ஆனால் யாரும் விமான நிலையத்தில் குடியிருக்கவில்லை. பொம்மசந்திராவில் வேலை செய்பவர் தெற்கே உள்ள சேலத்துக்குப் போக, முதலில் வடக்கே தேவனஹள்ளிக்குச் செல்ல வேண்டும். நகர நெரிசலில் அதற்கே 2 மணி ஆகும். அதற்குள் பஸ் ஏறியவர் கிருஷ்ணகிரியை எட்டியிருப்பார்!

காத்திருக்க ஒன்றரை மணி, பறக்க ஒரு மணி, கமலாபுரத்தில் இறங்கிச் சேலம் நகருக்குள் வர ஒரு மணி. ஆக ஐந்தரை மணி. பஸ்ஸிலோ சுமார் 4 மணிதான்.

சிறு நகர விமானங்களுக்கான 'உடான்' திட்டத்தில் அரசு மானியம் 3 ஆண்டுகளுக்கே. சேலத்தில் 2018இல் தொடங்கிய சென்னை விமானமும் சில ஆண்டுகளில் நின்று போனது.

விமானம் வேண்டாம் என்பதல்ல. சேலத்திலிருந்து பெங்களூர் வந்து, டில்லிக்கு விமானம் மாறுவோருக்கு அது பயன்படும். ஆனால் சனிக்கிழமை மாலை சம்பளப் பணத்துடன் ஊர் திரும்புபவருக்கு வேண்டியது ஓசூர் வழியே கூடுதல் ரயில். அதில் முன்பதிவில்லாத பெட்டிகள். மிச்சமாகும் நேரத்தை வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை அளப்பதே சரியான கணக்கு.