வாளி ஏந்திய கைகள்

கடலில் எண்ணெய் கொட்டினால் முதற் சில மணிநேரமே காக்கும் காலம். மிதவைத் தடுப்புகளால் வளைத்துக் கட்டி, நீர்மேற் பரந்த எண்ணெயைப் பொறிகளால் வழித்தெடுக்க அப்பொழுதே இயலும். காலந் தாழ்ந்தால், அலை கலக்கக் கலக்க எண்ணெய் நீரொடு சேர்ந்து கூழாகிக் கரையிற் படியும்.

எண்ணூரே இதற்குச் சான்று. 2017 சனவரி 28-ஆம் நாள் விடியுமுன், அத்துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கசிவு இல்லையென்றே முதலில் சொல்லப்பட்டது. அலை பொய் சொல்லவில்லை. கருங்கூழைக் கொணர்ந்து கரையிற் கொட்டியது. கழிவுநீர் உறிஞ்சும் ஊர்திகள் அதனை இழுக்கமாட்டாது திணறின. மீனவரும் மாணவரும் வாளிகளால் அள்ளினர். 2023 திசம்பரில், மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், கொசத்தலையாற்றுக் கழிமுகத்தை மூடியது. அப்பொழுதும் படகேறி அதனை முகந்தவர் மீனவரே!

திட்டம் இல்லையா? உண்டு. இந்திய அளவிலான எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டம் 1996-இலேயே நடைமுறைக்கு வந்தது. கடலோரக் காவற்படை அதற்குத் தலைமை. 700 டன் வரையிலான கசிவுக்கோ, துறைமுகங்களும் எண்ணெய் கையாளும் நிறுவனங்களுமே முதற்பொறுப்பு. கசிவை மறைப்பதால் எவர்க்கு நலமோ அவரே முதற்காவலர்! பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை இதுவன்றி வேறென்ன?

தில்லியில் ஆங்கிலத்தில் வரைந்த திட்டம், நீரோட்டத்தின் போக்கை நாள்தோறும் கண்டறியும் எண்ணூர் மீனவனுக்கு என்ன பணி தந்தது? வாளி ஏந்தும் பணியைத்தான். அதுவும் எல்லாம் கெட்டபின்!

எண்ணூர், கடலூர், நாகை, தூத்துக்குடி எனக் கரைநெடுகத் தடுப்பு மிதவைகளும் வழிப்புப் பொறிகளும் வைப்பகங்களில் அணியமாயிருத்தல் வேண்டும். குப்பந்தோறும் மீனவர்க்கு ஊதியத்தோடு பயிற்சியும், கையுறை முதலிய காப்புக் கருவிகளும் வழங்கல் வேண்டும். திட்டம் தமிழில் அவர்தம் கையில் இருத்தல் வேண்டும். கசிவை உடனே ஆய்ந்து அறிவிக்கும் பொறுப்பு, துறைமுகத்தையோ ஆலையையோ சாராத தமிழக அரசின் அமைப்பொன்றுக்கு உரியதாதல் வேண்டும்.

செலவு மிகுமென்பர் சிலர். எண்ணெயால் ஊதியம் ஈட்டுவோரே அச்செலவை ஏற்கட்டும்! இன்றுவரை அதனை வலையிழந்தும் மீன்விலையிழந்தும் செலுத்தி வருபவன் மீனவனே.

கடலைக் காப்பவன் கையிலேயே காக்கும் கருவியும் இருத்தல் வேண்டும். மூன்றாம் முறையும் அவன் வாளியோடு நிற்பானாயின், அது கடலின் குற்றமன்று. கண்டும் வாளாவிருந்த தமிழரின் குற்றமே!