திங்கட்கிழமை சால்டரிங்

முப்பது வருடம் டிவி மெக்கானிக்காக இருந்தவன் நான். சான் பிரான்சிஸ்கோவில் மகள் என்னை நாய்ஸ்பிரிட்ஜுக்கு அழைத்துப்போனாள். 2007இல் தொடங்கிய ஹேக்கர்ஸ்பேஸ். 'ஹேக்கர்' என்றதும் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உள்ளே போனால் அது ஒரு பொதுப் பட்டறை: தையல் மிஷின், மரவேலை, சால்டரிங் புகை. உறுப்பினர் அட்டை யாரும் கேட்கவில்லை.

நிறுவியவர்களில் ஒருவர் மிட்ச் ஆல்ட்மன். பொது இடத்து டிவிகளை அணைக்கும் சின்ன ரிமோட்டை 2004இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் (என் பிழைப்பில் மண்!). திங்கட்கிழமை இரவுகளில் அங்கே புதியவர்களுக்குச் சால்டரிங் சொல்லித்தருவார்கள். ஈயத்தை அயர்ன் நுனியில் உருக்கி ஒட்டக்கூடாது. போர்டில் இருக்கும் செம்புத் திட்டையும் கம்பியையும் சேர்த்துச் சூடாக்கி, அங்கேதான் ஈயத்தைத் தொட வேண்டும். ஒரு சிறுமி பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். இதை என் முதலாளி எனக்குக் காட்ட ஒரு வருடம் ஆனது. அதுவரை டீ வாங்கிவந்தேன்.

நம்மூரில் இப்படி ஓர் அறை என்றால் முதலில் 3டி பிரிண்டர் வாங்கி உறை போடுகிறோம். எனக்குத் தெரிந்த கல்லூரி ஒன்றில் சாவி துறைத்தலைவரிடம். அவர் எப்போதும் மீட்டிங்கில். பிரிண்டர் வேண்டாம் ஐயா. கிளை நூலகத்தில் ஒரு மேசை, நாலு சால்டரிங் அயர்ன், புகை போக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், பூட்டாத கதவு. திங்கட்கிழமை நான் வருகிறேன்.