வேலியில் இருந்த பொட்டு

நாற்பது வருடங்களுக்கு மேல் கொழும்பில் பத்திரிகை அலுவலகங்களோடு காலத்தைக் கழித்துவிட்டு, 2024 ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு எங்களது பழைய வீட்டில் வந்து குடிபுகுந்தேன். கோயிலுக்குக் கிழக்கே, ஓர் ஒழுங்கையின் உள்ளே இருக்கின்ற வீடு அது. தகப்பனார் கட்டியது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அம்மா அதைப் பூட்டிவிட்டுத் திறப்பை முடிச்சில் கட்டிக்கொண்டு போனார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது திறப்பு இருந்தது, கதவுகள் இருக்கவில்லை. அதற்குப் பின்னர் வாடகைக்கு இருந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். நான் திருவிழாவுக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பும் விருந்தாளியாகவே இருந்தேன்.

திருத்த வேலைகளைக் கொழும்பில் இருந்துகொண்டே செய்வித்தேன். 2022 இன் நெருக்கடியில் 3,000 ரூபாவைத் தாண்டிய சீமெந்துப் பை சற்று இறங்கியதும் வேலை தொடங்கியது. மேசன் மாலையில் வட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். நான் பார்த்துவிட்டு 'சரி' என்பேன். ரொறன்ரோவில் இருந்தும் சூரிச்சில் இருந்தும் ஊரில் வீடு கட்டுகின்ற நமது உறவுகளைப் பற்றி முன்னர் கேலியாக எழுதியவன் நான். நானூறு கிலோமீற்றர் தூரத்தில் இருந்து அதையேதான் செய்தேன்.

தெற்குப் பக்க வேலியைப் பற்றிப் பேச்சு வந்தபோது மேசன் சொன்னார்: "ஐயா, எட்டடிக்குக் குறைய இப்ப ஒருத்தரும் மதில் கட்டுறேல்லை. களவு கூடிப்போச்சு." நான் 'சரி' என்றேன். முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதிக்கட்டுமா என்று கேட்டார். சருகு கூட்டும் வேலை மிச்சம் என்று அதற்கும் 'சரி'.

குடிபுகுந்த மூன்றாம் நாள் பக்கத்து வளவு அக்கா ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு, தடியை ஊன்றியபடி முன்கேற்றால் வந்தார். எண்பத்தைந்து வயது இருக்கும். வீட்டைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், நல்லது என்றார். விறாந்தையில் இருந்து தேநீர் குடித்து முடித்த பின்னர், குரலில் கோபம் எதுவும் இல்லாமல், "தம்பி, பொட்டை அடைச்சுப்போட்டியள் போல" என்றார்.

வெளிநாடுகளில் வளர்ந்த இளையவர்களுக்காகச் சொல்கிறேன். வேலியில் ஓர் ஆள் குனிந்து போய்வரக்கூடிய அளவுக்கு விட்டிருக்கும் இடைவெளிதான் பொட்டு. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நிற்க, கிடுகோ பனையோலையோ வைத்து அடைத்த வேலிகள்தான் யாழ்ப்பாணத்தின் எல்லைகள். வருடத்துக்கு ஒரு தடவை வேலி அடைப்பார்கள். கதியாலை ஓரடி தள்ளி நட்டதற்காகப் பத்து வருடம் வழக்காடிய குடும்பங்கள் உண்டு. அப்படி வழக்காடியவர்களின் வேலியிலும் பொட்டு இருந்தது என்பதுதான் விசேஷம். கறி போனதும் வந்ததும், சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடிவந்ததும், 1987 இலும் 1995 இலும் ஷெல் விழுந்தபோது அடுத்த வளவுப் பதுங்குகுழிக்குள் பாய்ந்ததும் அந்தப் பொட்டினால்தான்.

ஆயினும் பொட்டைப் பற்றி உருகி எழுத எனக்கு விருப்பமில்லை. ஊர் நினைவு எழுதுபவர்கள் பலர் ஒரு விடயத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள். பொட்டினால் யார் வரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. எங்கள் கிணற்றில் தாங்களாக அள்ளிக் குடிக்க முடியாமல், யாராவது வார்க்கும்வரை படலையடியில் காத்து நின்றவர்களை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட வேண்டியிருந்த சமூகம் இது. ஓலை வேலியிலும் அந்த மதில் இருந்தது. அத்துடன் மேசன் சொன்ன களவும் பொய்யல்ல. வாள்வெட்டுச் செய்திகளை நானே தலைப்பிட்டுப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். தனியாக இருக்கும் முதியவர்கள் உயரமான மதிலை விரும்புவதைக் குறைகூற எனக்கு உரிமையில்லை.

வீடு ஒழுங்கானதும் காலையில் நடக்கத் தொடங்கினேன். நிருபர் புத்தி எளிதில் போகாது. முதல் வாரத்தில் எங்கள் ஒழுங்கையிலேயே கணக்கெடுத்தேன். பத்தொன்பது வீடுகள். அவற்றுள் ஏழு பூட்டிக் கிடந்தன. அந்த ஏழுக்கும்தான் மிக உயர்ந்த மதில்கள். உள்ளே களவெடுக்க ஒரு கதிரையும் இல்லை. வெளியில் இருந்து பார்த்தால் உள்ளே யாராவது விழுந்து கிடந்தாலும் தெரியாது. அக்காவின் வீட்டுக்கு வடக்கே இப்போது என்னுடைய மதில், மேற்கே பூட்டிய வீட்டின் மதில். அவர் கூப்பிட்டால் கேட்கக்கூடிய மனிதர்கள் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம்.

பிறகு சற்றுத் தூரம் நடந்தேன். பருத்தித்துறை வீதியில் சங்கிலியன் தோரண வாயில், மந்திரிமனை, சட்டநாதர் கோயில். பள்ளிக்கூடம் போகும்போது சைக்கிளில் கடந்த இடங்கள். நின்று பார்த்ததில்லை. அன்றைய நல்லூரின் நான்கு திக்கிலும் காவலாக நான்கு கோயில்கள் இருந்ததாகச் சொல்வார்கள்: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர். 1619 இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தைப் பிடித்தார்கள், 1621 இல் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். இன்றுள்ள கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734 இல் எழுந்தது. இவற்றையெல்லாம் திருவிழாச் சிறப்பிதழ்களில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், மேசையில் இருந்தபடி.

என்னை நிறுத்தியது 'ப' வடிவில் கட்டப்பட்ட யமுனா ஏரி. அரசன் யமுனை நதியின் நீரைக் காவடியில் கொண்டுவந்து விட்டான் என்ற கதை இருக்கட்டும். ஆறில்லாத நாட்டில் அரண்மனைக்கு அருகே மழைநீரைத் தேக்கிவைக்கும் புத்தி அந்தக் காலத்தவர்களுக்கு இருந்தது. வழுக்கியாறு என்று ஒன்று உண்டுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். குடாநாட்டில் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் நிலத்தடி நீரில்தான். அந்த நன்னீர் அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. ஒக்டோபரில் இருந்து டிசம்பர் வரை பெய்யும் மழை நிலத்துக்குள் இறங்கினால்தான் அது நிலைக்கும். குளங்களும், கேணிகளும், மண் முற்றங்களும் அதற்கான வாய்கள்.

2024 நவம்பர் இறுதியில் அந்த மழை வந்தது. இரண்டு நாட்கள் விடாமல் கொட்டியது. என்னுடைய முற்றத்தில் சீமெந்துக் கல். ஒரு துளியும் கீழே இறங்கவில்லை. முன்னர் தெற்கு வேலியின் அடியால் அக்காவின் வளவுக்குள் போய், அங்கிருந்து பின் ஒழுங்கை வாய்க்காலைச் சேர்கின்ற வெள்ளம், மதிலில் முட்டித் திரும்பி முன்கேற்றால் பாய்ந்தது. அங்கிருந்து அக்காவின் முன்வாசலுக்குள்! அவர் வீட்டு மலசலகூடக் குழி நிரம்பி வழிந்து, கிணற்றுக் கட்டு வரை அழுக்குத் தண்ணீர். அவரைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் இருத்தினோம். முழங்கால் அளவு தண்ணீரில், ஒழுங்கையைச் சுற்றி. பொட்டு இருந்திருந்தால் பத்து அடி.

பத்திரிகையில் இருந்த காலத்தில் வெள்ளச் செய்திகளில் "வடிகாலமைப்பு உரிய முறையில் பேணப்படாமையே காரணம்" என்ற வசனத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேன்! யாரால் பேணப்படாமை என்பதை அந்த வசனம் சொல்வதில்லை. எங்கள் ஒழுங்கையைப் பொறுத்தவரை அந்த ஆள் நான்தான்.

கிணற்று விடயம் வெள்ளத்தோடு முடிவதும் இல்லை. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். தோட்டத்து உரம் ஒரு காரணம், மலசலகூடக் குழிகள் மற்றொன்று. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடியாவது வேண்டும் என்பார்கள். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் அழுக்கு வேகமாக ஓடும் என்பதால் அதுகூடப் போதுமா என்பது சந்தேகம். இரண்டு பரப்புக் காணியில் இணைந்த குளியலறையோடு மூன்று அறை கட்டும்போது நாங்கள் அளப்பது எங்களது குழிக்கும் எங்களது கிணற்றுக்கும் உள்ள தூரத்தைத்தான். மதிலுக்கு அப்பால் உள்ள கிணற்றை அளப்பதில்லை, ஏனென்றால் மதில் கட்டியபின் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. தாளையடியில் 2024 ஆகஸ்டில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது நல்ல விடயம். குழாய் நீர் வருகிறது என்பதற்காகக் கிணறுகளைக் கைவிட்டுவிடலாம் என்று நினைப்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. கடலைக் குடிநீராக்க மின்சாரமும் பணமும் வேண்டும். 2022 இல் அவை இரண்டும் இல்லாமல் இந்த நாடு எப்படி நின்றது என்பதை எல்லோரும் பார்த்தோம்.

ஆகவே, வெளிநாடுகளில் இருந்து ஊர் வீட்டைத் திருத்த எண்ணியிருக்கும் வாசகர்களிடம் எனது அபிப்பிராயத்தை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். காணியை எல்லையோடு முடிகின்ற ஒன்றாக நினைத்துப் படம் வரையாதீர்கள். பணம் அனுப்பும் முன்னர் ஒரு கிழமையாவது வந்து நின்று, ஒழுங்கையில் நடந்து, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அயலில் உள்ள வயதானவர் ஒருவரைக் கேளுங்கள். மாநகர சபையின் அனுமதிப் பத்திரத்தில் அது இராது. முற்றத்தை மண்ணாக விடுங்கள். மதில் வேண்டுமென்றால் கட்டுங்கள், அடியில் நீர் போக வழி விடுங்கள். வருடத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கப்போகும் வீடு என்றால், திறப்பை அயலில் ஒருவரிடம் கொடுங்கள். சொந்தக்காரரை நம்பாமல் கமராவை நம்பும் காலம் என்பது எனக்கும் தெரியும். கமரா மாரியில் வாய்க்கால் வெட்டாது.

2025 தைப்பொங்கல் கழிந்ததும் மேசனைக் கூப்பிட்டேன். மதிலை உடைக்க வேண்டும் என்றதும், கட்டிய வேலையில் ஏதோ பிழை கண்டுவிட்டேன் என்று அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. விளங்கப்படுத்தினேன். தெற்கு மதிலில் மூன்றடி அகலத்தில் ஒரு வழி வெட்டி, சிறிய இரும்புக் கேற் போட்டோம். அடியில் நான்கு இடங்களில் தண்ணீர் போகத் துவாரம். முற்றத்துக் கல்லில் பாதியைக் கிளப்பி ஒழுங்கைக் குழிகளுக்குப் போட்டாயிற்று. இரண்டு நாள் கூலியும், கல் பதித்த காசும் நட்டம். மனைவிதான் இன்னும் முணுமுணுக்கிறார். சருகு கூட்டும் வேலை மறுபடியும் வந்துவிட்டதாம், அதுவும் என்னுடைய தலையிலேயே.

அக்கா முதல்நாள் அந்த வழியால் வந்து, கேற்றின் கொண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது உயரமாக இருக்கிறது, தன்னால் எட்டித் திறக்க முடியாது என்று முறைப்பாடு செய்தார். கொண்டியை ஓரடி கீழே இறக்கிப் பூட்டிக் கொடுத்தோம்.